காளை ஏலமும் மூன்றாவது ஓலையும்

புதிதாகப் பரீட்சை பாஸானவனிடம் யாரும் நியாயம் கேட்கக் கூடாது. அவன் விதியைத்தான் சொல்வான்.

எழுபதுகளில் நான் அப்படிப்பட்ட ஒரு ஆசாமி. வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு சின்ன அரசு கால்நடை மையத்தில் கிளார்க். அரசாங்கப் பணத்தை எப்படி வாங்குவது, எப்படிச் செலவழிப்பது, உதவாத சாமானை எப்படிக் கழிப்பது என்பதற்கெல்லாம் தடித்தடியாகச் சட்டப் புத்தகங்கள் உண்டு. அவற்றை வைத்து நடத்தும் அக்கவுண்ட் டெஸ்டில் இரண்டாம் முயற்சியில் தேறியிருந்தேன். (முதல் முயற்சியைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) அன்றிலிருந்து தபால்தலையில் எச்சில் தொட்டு ஒட்டும்போதுகூட, இது எந்த விதியின் கீழ் வரும் என்று யோசிப்பேன்.

எங்கள் மையத்தில் ஒரு பொலிகாளை இருந்தது. சுற்றுவட்டாரப் பசுக்களுக்கெல்லாம் அதுதான் ஒரே மாப்பிள்ளை. வயதாகி, உத்தியோகத்தில் நாட்டம் குறைந்துவிட்டதால் அதைப் பொது ஏலத்தில் விற்கும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மையத்தின் தலைவரான மாட்டு டாக்டர் குருவிளா மலையாளி. தமிழையும் மலையாளத்தையும் ஒரே குவளையில் ஊற்றிக் கலக்கிப் பேசுவார்; அவர் 'தான்' என்றால் 'நீ', 'லேலம்' என்றால் ஏலம். "தான் ரூல் படிச்ச ஆளல்லே? லேலத்தை தானே நடத்து" என்று பொறுப்பை என் தலையில் வைத்தார்.

அதே சமயம் எனக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. பெண் கம்பம்மெட்டு ரோஸ்லின். அவள் அப்பா ஞானமுத்து சின்னதாக ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தார். எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். அதாவது சாமியார் மணமக்கள் பெயரைச் சொல்லி, "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்பார். இரண்டு ஞாயிறு முடிந்திருந்தது. சீக்கிரமே தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. பிறகு ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஏலத்தன்று காலையில் நல்ல பனி. வந்தவர்களில் பாதிப்பேர் ஏலக்காய் ஏலம் என்று நினைத்து வந்தவர்கள். காளையைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். மீதிப் பேருக்கு விதிகளை ஒன்றுவிடாமல் வாசித்தேன். அதில் இன்னும் கொஞ்சம் பேர் போனார்கள். ஏலம் நடத்தும் ஊழியரோ அவருடைய உறவினரோ கேட்கக் கூடாது என்ற விதியை மட்டும் குரலை உயர்த்தி இரண்டு தடவை வாசித்தேன்.

யாரும் வாய் திறக்கவில்லை. குறைந்தபட்ச விலையைத் திரும்பத் திரும்பக் கூவினேன். காளை தும்மியது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்:

"நான் கேக்கேன்."

ஞானமுத்து மாமா. நான் கூவியதற்கு மேலேயே ஒரு தொகை சொன்னார். டாக்டருக்கு முகமெல்லாம் பல். எனக்கோ இரண்டு தடவை வாசித்த விதிதான் கண்முன் நின்றது.

"நீங்க கேக்க முடியாது" என்றேன்.

"ஏன் மாப்ளே?"

"அதான்! மாப்ளைன்னு நீங்களே சொல்லுதீகல்ல? உறவுக்காரங்க கேக்கக் கூடாது."

சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமா சிரிக்கவில்லை. "இன்னும் தாலி ஏறலியேப்பா. ஓலையே ரெண்டு வாரந்தான் வாசிச்சிருக்கு."

"அதுதான் சந்தேகமே. மூணுல ரெண்டு பங்கு உறவாயிட்டீக. நான் மேல எழுதிக் கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்."

(இதை எழுதும்போது எனக்கே காது சுடுகிறது. அன்று சுடவில்லை. நாட்டின் கஜானாவைக் காப்பாற்றிய பெருமையில் குளிர்ந்திருந்தது.)

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். "சரி. நான் உனக்கு உறவா இல்லையான்னு மேல இருந்து பதில் வரட்டும். அதுவரைக்கும் மூணாவது ஓலையும் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஏலம் நின்றது. ஓலை நின்றது. காளையும் நின்றது, தீவனம் கேட்டுக்கொண்டு. இங்கேதான் என் அடுத்த சாமர்த்தியம் வெளியே வந்தது. ஏலம் எப்படியும் முடிந்துவிடும் என்று நம்பி, காலையிலேயே இருப்பிலிருந்து காளையைக் கழித்து எழுதியிருந்தேன். கணக்கில் இல்லாத மாட்டுக்கு அரசாங்கம் தீவனம் போடாது. திரும்பச் சேர்க்கவோ மேலிட அனுமதி வேண்டும்.

"அப்போ அது ஜீவனோட இல்லையா?" என்றார் டாக்டர், காளையைப் பார்த்துக்கொண்டே.

"கணக்குப்படி இல்லை சார்."

"அப்படியெங்கில் கணக்குப்படி இல்லாத்த புல்லை தானே கொண்டுவா" என்று உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து ஆபீசுக்கு முன்னும் பின்னும் அரிவாளோடு ஓடைப் பக்கம் அலைந்தேன். ஒரு சாயங்காலம் தலையில் புல்லுக்கட்டோடு வரும்போது, எதிரே ரோஸ்லினும் அவள் அம்மாவும். சந்தைக்கு வந்தவர்கள். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ரோஸ்லின் நேராக வந்தாள்.

"எங்க வீட்ல ஒரு பசு உண்டா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பொறவு எங்கப்பாவுக்குக் காளை எதுக்கு? யாருமே கேக்காம நீங்க ஒத்தையில கத்திக்கிட்டு நின்னீகளாம். நாலு பேரு முன்னால மாப்ள முகம் வாடக் கூடாதுன்னு கேட்டாராம். வந்து அம்மாகிட்ட சொல்லி வருத்தப்படுதாரு."

தலையைக் குனிந்துகொள்ள வேண்டிய இடம். புல்லுக்கட்டு இருந்ததால் அதுகூட முடியவில்லை.

மறுநாள் கம்பம்மெட்டுக்குப் போனேன். மாமா களத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, மன்னிச்சிருங்க."

"மாமாவா? மேல இருந்து பதில் வந்துருச்சா?"

உள்ளே ரோஸ்லின் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்புக்காகவோ என்னவோ, அவர் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார். பாலில்லாத கட்டஞ்சாயா வந்தது. "முதல்ல அந்த மாட்டை வித்துத் தொலை. பொறவு ஓலையைப் பாப்போம்" என்றார்.

மறுபடி அறிவிப்பு ஒட்டி, மறுபடி ஏலம். மறுபடியும் அதே மௌனம். நான் கண்ணை மூடிக்கொண்டு கூவினேன்.

"நான் கேக்கிறேன்" என்றது ஒரு கனத்த குரல். கண்ணைத் திறந்தால் வெள்ளை அங்கி. எங்கள் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும் சாமியார்! டாக்டர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"எடோ, இவரும் ஃபாதராணு! இதுக்கும் மேலே எழுதிக் கேட்டுடாதே, கேட்டோ!"

"கோயில் நிலத்தில் கிடந்து மேயட்டும். இது போனால்தானே என் வேலை நடக்கும்?" என்றார் சாமியார். அவருக்கும் தவக்காலம் நெருங்கும் கவலை.

அந்த ஞாயிறு மூன்றாவது ஓலை. "தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்று சாமியார் சொன்னதும், கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. மாமா தொண்டையைச் செருமினார். என் உயிர் ஒரு நிமிஷம் வெளியே போய் வந்தது. வெறும் இருமல்தான்.

கல்யாணம் நடந்தது. நான் கேட்ட விளக்கமும் வந்தது, எங்கள் மூத்தவனின் ஞானஸ்நான விருந்தன்று. புத்தி எங்கே போகும்? எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சத்தமாக வாசித்தேன். 'மேற்படி நபர் ஏலத்தன்று உத்தேச மாமனார் மட்டுமே ஆவார். உறவினர் ஆகார். விளக்கம் கேட்கத் தேவையே எழவில்லை.'

மாமா கறித்துண்டை இலையில் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்று முதல் வீட்டில் அவருக்கு அதுதான் பேர். கதவைத் தட்டினால், "யாரு?" என்று ரோஸ்லின் கேட்பாள். "உத்தேசம்" என்று பதில் வரும்.

மூத்தவன் பள்ளிக்கூடம் போன பிறகு, குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். அப்பா, அம்மா, தங்கச்சி, உத்தேசத் தாத்தா என்று எழுதிவைத்திருந்தான். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"சார், பெரியவர் இருக்கிறாரா, இல்லையா?"