சாம்பல் புதனுக்கு முந்தின நாள் ராஜா

மனித குலத்தில் முந்தின நாள் மனிதர் என்றொரு பிரிவு உண்டு. நாளை முதல் நல்லவராகப் போகிறவர்கள். இன்றைக்கு மட்டும் அவர்களை யாரும் தடுக்கக் கூடாது. தூத்துக்குடியில் இவர்களைப் பார்க்க ஆசையா? ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை எங்கள் கடற்கரைத் தெருவுக்கு வாருங்கள். முகமூடிகள், பேண்டு வாத்தியம், வண்ணத்தாள் ஒட்டிய மினி லாரி, அதன் மேல் அட்டைக் கிரீடம் வைத்த கார்னிவல் ராஜா. ராஜா எப்போதும் சேசடிமை மச்சாதுதான். போட்டி கிடையாது, கிரீடத்தை அவர் தலை அளவுக்குத்தான் வெட்டுகிறார்கள்.

தவக்காலம் முழுக்கக் கறி கிடையாது, குடி கிடையாது என்று பொங்கல் முடிந்ததுமே பார்க்கிறவர்களிடமெல்லாம் அறிவிப்பார். அறிவித்த கையோடு, பிரிவுத்துயர் தாங்காதவர்போல ஆட்டுக்கால், ஈரல், பன்றிக்கறி, பிராந்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடைகொடுக்கத் தொடங்கி, கடைசிச் செவ்வாயன்று வீட்டுக்கு வீடு வண்டியை நிறுத்தி ஒரு தட்டுக் கறி வாங்கி முடித்துவைப்பார். நிறையத் தின்றால்தானே விட்டுக்கொடுக்க ஏதாவது இருக்கும்? இது அவருடைய இறையியல்.

இந்த வருடம் ஓர் இடைஞ்சல். அதே தெருவில் மெற்றில்டாவின் கணவர் இறந்துபோயிருந்தார். அவருடைய முப்பதாம் நாள் செபம் சரியாக அந்தச் செவ்வாய் மாலையில் வந்து விழுந்தது. செத்தவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று ராஜாவுக்கு வருத்தம். நேரே அந்த வீட்டுக்குப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு, இறந்தவரின் நற்குணங்களைச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

“ஏளா மெற்றில்டா, செபத்தப் புதன்கிழமைக்கு மாத்திக்கிடேன். அன்னைக்கு எல்லாரும் சாம்பலப் பூசிக்கிட்டு துக்கமாத்தான இருப்பாவ. பொருத்தமா இருக்கும்.”

மெற்றில்டாவுக்கு வேண்டியது ஒன்றுதான். கணவர் பெயரைச் சொல்லிச் செபிக்கத் தெருச்சனம் வீடு நிறைய வர வேண்டும். அதற்காக நாளை மாற்றவும் அவள் தயார்.

“மாத்துதேண்ணே. நீங்க வருவியளா?”

“புதன்கிழமையா? ஒருசந்தில்லா. ஒரு நேரச் சோத்தோட கெடக்கணும். வாயத் தொறந்து செபம் சொல்லத் தெம்பு இருக்காதே.”

அவள் மாற்றவில்லை. செபமும் ஊர்வலமும் ஒரே நேரத்தில் தொடங்கின. உள்ளே கோயில் உபதேசியார் செபமாலையை முன்சொல்ல, பின்சொல்ல மெற்றில்டா இருந்தாள். கூடவே, பக்கத்து ஊர் நாசரேத்திலிருந்து வந்த, புராட்டஸ்டண்ட் சபைக்காரி என்பதால் செபமாலை பழக்கமில்லாத அவளுடைய தோழி ஈவாஞ்சலின். வெளியே ராஜா பெருந்தன்மை காட்டினார். அந்த வாசலுக்கு நேராக மட்டும் பேண்டை நிறுத்தச் சொன்னார். வண்டியை அல்ல. அடுத்த வாசலில் முரசு இரண்டு மடங்காக முழங்கியது. உபதேசியார் இறந்தவரின் பெயரைச் சொன்னது அப்போதுதான். மெற்றில்டாவுக்கே அது கேட்கவில்லை.

மறுநாள் சாம்பல் வாங்கும் வரிசையில் முதல் ஆளாக நின்றது யார் என்று சொல்ல வேண்டுமா? வியர்வை பட்டு அழியாதபடி நெற்றிச் சாம்பலைப் பாதுகாத்துக்கொண்டு, பேண்டை நிறுத்திய கதையைத் தெருவெல்லாம் சொல்லிவந்தார். தவக்காலத்தின் முதல் தியாகம் அதுதானாம்.

சிரியுங்கள், தாராளமாக. ஆனால் ராஜா மட்டும் தனியாகப் போனால் அது ஊர்வலமாகாது. உள்ளே வரிசையாகப் போட்ட நாற்காலிகள் காலியாகக் கிடக்க, துக்க வீட்டுக்கு நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று கறித்தட்டோடு தங்கள் வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவரை எங்கேயோ பார்த்திருக்கிறேன். முகமூடி போட்டிருந்தார். சட்டை என்னவோ உங்களுடையதுபோலத்தான் இருந்தது.