கடலில் பெரட்டுக் கூப்பிட்டவர்

இந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலில் எத்தனையோ பேர் மீன் பிடித்திருப்பார்கள். பிடித்த மீன் ஈரமாக இருக்கிறது என்று சொல்லி எடையில் இரண்டு கிலோவைக் கழித்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் அரைப்பேர்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. தபால்காரருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். பொகவந்தலாவைப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார். பிறகு பெண்கள் பறித்துக்கொண்டு வரும் கொழுந்தை மடுவம் என்கிற கொட்டகையில் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். பதினெட்டுக் கிலோ இருந்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்.

நிறுத்த கையோடு, "சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ரெண்டு" என்று மூன்று கிலோவைக் கழிப்பார். மழை நாளில் கழித்தால் சரி என்று விடலாம். மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் தண்ணிக்கு இரண்டு கிலோ போகும். கேட்டால், தோட்டத்து மேலாளரைச் சாட்டி, "தொர சொன்ன கழிவு. நான் என்ன செய்ய?" என்பார். என் அம்மா அவரைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

ஆனால் மனிதர் ஆள் பார்த்துக் கழித்தவர் இல்லை. அதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் அவருடைய மனைவி காமாட்சியம்மா ஒருநாள் இருபது கிலோ கொழுந்தோடு மடுவத்துக்கு வந்தார். வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் தராசைப் பார்க்கவில்லை, கணக்கப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தார்கள். "சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ரெண்டு" என்றார் மனிதர். பதினேழு. அரைப்பேர்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவருக்குக் காமாட்சியம்மா அரைக் கோப்பைத் தேத்தண்ணி கொடுத்தார். மறுநாளும் அரைக் கோப்பை. அதற்குப் பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் அதே அரைக் கோப்பைதான். வீட்டுக்கு வருகிற எங்களுக்கெல்லாம் விளிம்பு தட்ட ஊற்றுவார். அவருக்குச் சரியாகப் பாதி. தானும் பாதிக்கு மேல் குடிக்க மாட்டார்.

"நீங்க ஏன்மா அரைக் கோப்பை குடிக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கும் அரப்பேருதானே தம்பி போட்டாங்க" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

தண்டனைக்கு ஒரு முடிவும் அவர் வைத்திருந்தார். "ஒங்க கையால எதையாச்சும் பதினெட்டுக் கிலோ கொண்டாங்க. அன்னைக்கு முழுக் கோப்ப ஊத்துறேன்." மனிதர் ஓய்வு பெற்றதும் இதற்காகவே பாடுபட்டார். லயத்து வீட்டுக்குப் பின்னால் போஞ்சிக் கொடி நட்டார், பன்றி தின்றது. விறகு கொண்டு வந்தார், அது தானாக விழுந்த கொப்பு என்று காமாட்சியம்மா தள்ளிவிட்டார். கொத்மலை நீர்த்தேக்கத்தில் தூண்டில் போட்டு நாள் முழுக்கக் குந்தியிருந்து ஒரு பை திலாப்பியா கொண்டு வந்தார். ஒன்றரைக் கிலோ. கழிப்பதற்கு முன்.

இப்படிப்பட்டவரை நாங்கள் கடலுக்குக் கூட்டிப்போனோம். அன்பினால் என்று நினைத்துவிடாதீர்கள். பழி வாங்கத்தான்.

மேற்கே மழை பிடித்து, அட்டனில் உடுத்த துணி காயாத மாதங்களில் திருகோணமலைக் கடல் குளம்போலக் கிடக்கும். அப்போது அங்கே படகை நாள் வாடகைக்கு எடுத்து மீன் பிடிக்கப் போகலாம். அன்ரன் என்ற படகோட்டியை எப்படியோ தெரிந்துகொண்டு, தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்த நாங்கள் ஆறு பேர் புறப்பட்டோம். நான் வாத்தியார். குமார் அட்டனில் புடவைக் கடை வைத்திருக்கிறான். ஆறு பேருடைய அம்மாமாரும் அரைப்பேர் வாங்கியவர்கள். "அந்த மனுசனயும் கூட்டிட்டுப் போவோம்டா. நடுக் கடல்ல அவரு வாந்தி எடுக்குறத நான் கண்ணால பாக்கணும்" என்றான் குமார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அழைத்தபோது அரைப்பேர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடல்ல பதினெட்டுக் கிலோவுல மீன் இருக்கா, மாஸ்டர்?"

"அம்பது கிலோவுலயும் இருக்குங்கய்யா."

உள்ளே போய்க் கம்பளிக் கோட்டும், மடுவத்தில் டிஜிட்டல் தராசு வந்தபோது அவருக்கே கொடுத்துவிட்ட பழைய தொங்கு தராசும் எடுத்துக்கொண்டு வந்தார்.

முதல் வருடம் கரையோரத்திலேயே பிடிப்பதாக ஏற்பாடு. விடியற்காலையில் இறங்குதுறைக்குப் போனால், எங்களுக்கு முன்பே அவர் அங்கே நிற்கிறார். கம்பளிக் கோட்டு, கையில் தடி. "வரிசையா நில்லுங்கடா!" என்றார். முப்பது வருடங்களுக்கு முன்பு எங்கள் அம்மாமார் நின்றதுபோல நாங்கள் நின்றோம். ஏன் நின்றோம் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டார். பிந்தி வந்த குமாரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தார். அன்ரன் கண்ணை அகல விரித்து, "ஐயா ஆர்? நேவியில இருந்தவரோ?" என்று என்னிடம் கேட்டான்.

"அதுக்கும் மேல" என்றேன்.

படகில் ஏறியதும் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்தார். தேயிலை மலையில் நிரை பிடித்து மேலே ஏறுவது சரி. படகில் எங்கே ஏறுவது? "ஒரே எடத்துல நின்னா கொழுந்து வருமா? நகரு, நகரு!" என்று தடியால் தட்டினார். நகர்ந்தோம். ஆறு தூண்டிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அன்ரன் அவற்றைப் பிரிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

குமாருக்குத்தான் முதல் மீன் கிடைத்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பாரை. அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கச் சிரித்தான். அரைப்பேர் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "இன்னும் மொட்டு விடல. இதப் போயி பறிப்பானா ஒருத்தன்?" என்று கடலிலேயே போட்டுவிட்டார். குமார் அழாத குறை. அன்ரன் மட்டும், "ஐயா செய்தது சரி. சின்னனை விடத்தான் வேணும்" என்றான். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு கட்சி.

வாந்திக் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் அலை எழுந்ததும் குமார் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்தான். அடுத்து நான். பிறகு மற்ற நால்வரும், பெரட்டில் பேர் கூப்பிட்டதுபோல வரிசையாக. அரைப்பேர் நடுவில் குந்தி, ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்.

"ஒங்களுக்கு ஒன்னும் செய்யலீங்களா?" என்று முனகினேன்.

"பொகவந்தலாவ பஸ்ஸுல கடைசி சீட்டுலயே போயி வந்தவன் நான். இந்தத் தண்ணி என்னைய என்ன செய்யும்?" என்றார். பிறகு எங்களைச் சுற்றிப் பார்த்து, "மத்தியானத்துக்குள்ள எல்லாம் படுத்துட்டீங்க. ஆறு பேத்துக்கும் அரப்பேரு" என்று தீர்ப்புச் சொன்னார். பழி வாங்கப் போன கதை அத்தோடு முடிந்தது. அவருக்கும் அன்று பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் தராசை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் வேனைக் கண்டதும் காமாட்சியம்மா உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டு வந்தார். அரைக் கோப்பை. மனிதர் அதை வாங்கிய விதத்தைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

போன வருடம் அவரே ஆள் அனுப்பினார். "கரையில பிஞ்சுதான் இருக்கு. இந்த வாட்டி ஆழத்துக்குப் போவோம்."

ஆழ்கடல் என்றால் கரை கண்ணில் தெரியாது. பின்னால் போலி இரைகளை இழுத்துக்கொண்டு படகு போய்க்கொண்டே இருக்கும். வெகு நேரம் எதுவும் நடக்கவில்லை. திடீரென்று அவருடைய தூண்டில் வில்லாக வளைந்தது. அன்ரன், "கெலவல்லா! பெரிய சூரை! விடாதேங்கோ ஐயா!" என்று கத்தினான். குமார் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நான் உதவிக்குக் கையை நீட்டினேன்.

"தொடாத மாஸ்டர்! என் கையால புடிக்கணும்" என்றார்.

எழுபதை நெருங்குகிற மனிதர். இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். கம்பளிக் கோட்டைக் கழற்றச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் மீன் படகுக்குள் வந்து விழுந்தபோது அவரும் அதன் பக்கத்தில் விழுந்தார். எழுந்ததும் முதல் வேலையாகத் தராசைக் கேட்டார். படகு ஆடுகிறது, முள் மேலும் கீழும் துள்ளுகிறது.

"தம்பி, இந்தப் படக ஒரு நிமிசம் ஆடாம நிப்பாட்டு" என்றார்.

"படகை நிப்பாட்டலாம் ஐயா. கடலை நான் எப்பிடி நிப்பாட்டுறது?"

கரைக்கு வந்து, ஒரு மரக்கிளையில் தராசைக் கட்டி, மீனைச் சாக்கில் போட்டுத் தொங்கவிட்டோம். முள் இருபதில் நின்றது. நாங்கள் கத்திய கத்தலில் கரையில் நின்றவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். குமார் அவரைத் தூக்கிச் சுற்றினான். அம்மாவுக்குப் போட்ட அரைப்பேரெல்லாம் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"எறக்கி விடுடா" என்றார் அரைப்பேர். சாக்கைப் பார்த்தார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியதைக் கண்டதுமே நான் குறுக்கே போய் நின்றேன்.

"ஐயா, வேணாங்கய்யா" என்றேன்.

"சாக்குக்கு ஒன்னு. தண்ணிக்கு ரெண்டு."

பதினேழு.

எல்லோரும் ஒரே நேரத்தில் அவர் மேல் பாய்ந்தோம். இது கொழுந்து இல்லை, மீன். மீன் என்றால் ஈரமாகத்தான் இருக்கும். இங்கே துரையும் இல்லை, கழிவும் இல்லை. சண்டை போட்டோம், கெஞ்சினோம். வீட்டில் இருபது என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை என்றோம்.

அவர் தராசைத் துடைத்துப் பையில் வைத்தார். "அன்னைக்கு வெயில்ல, காஞ்ச கொழுந்துல, அவளுக்குக் கழிச்சேன். எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. இன்னைக்கு ஈரத்தோட எனக்குக் கழிக்காம விட்டா, அவ மூஞ்சில எப்புடிடா முழிப்பேன்?" என்றார். குமார் சாக்கை அவிழ்த்து மீனை ஐஸ் பெட்டியில் வைத்தான்.

திருகோணமலையிலிருந்து தோட்டம் வரைக்கும் வேனில் பின்னால் ஐஸ் பெட்டியில் அந்த மீன் வந்தது. வீட்டில் இறங்கியதும் காமாட்சியம்மா மீனைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "எத்தன கிலோ?" என்றார். குமார் காமாட்சியம்மாவுக்குப் பின்னால் நின்று இருபது இருபது என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தான்.

"பதினேழு" என்றார் அரைப்பேர்.

"தராசு என்னா காட்டுச்சு?"

"இருபது. சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ரெண்டு."

காமாட்சியம்மா மீன் பெட்டியை மூடினார். பிறகு உள்ளே போனார். எங்களுக்கு முழுக் கோப்பைகள் வந்தன. அவருக்கு வழக்கம்போல அரைக் கோப்பை. தனக்கும் ஒரு அரைக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். குமார் தன் கோப்பையைத் தொடவே இல்லை. கோபத்தில் அவன் எழுந்து போகப் பார்த்தபோதுதான், காமாட்சியம்மா கையை நீட்டித் தன் கோப்பையில் இருந்ததை அப்படியே கணவருடைய கோப்பையில் ஊற்றினார். விளிம்பு வரைக்கும் நிறைந்தது.

"அன்னைக்கு என்னுது அர. இன்னைக்கு ஒங்களுது அர. ரெண்டுஞ் சேந்தா முழுசு. குடிங்க" என்றார்.

மனிதர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், மெல்ல மெல்லக் குடித்தார். நாங்கள் எல்லோரும் சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கோப்பையைக் கீழே வைத்து, "சீனி கொறையுது" என்றார்.

"கழிச்சிட்டேன்" என்றார் காமாட்சியம்மா.

வீட்டுக்குத் திரும்பி இந்தக் கதையை என் அம்மாவிடம் சொன்னேன். "அவருக்கேவா கழிச்சுக்கிட்டாரு?" என்று இரண்டு தரம் கேட்டார். அதற்குப் பிறகு அச்சிட முடியாத வார்த்தை எதுவும் அம்மா வாயிலிருந்து வரவில்லை.

இந்த வருடம் அரைப்பேருக்கு முழங்கால் வலி. தூரப் பயணம் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கடல் நன்றாக இருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று அன்ரன் இரண்டு தடவை போன் எடுத்தான். "ஐயாவுக்குக் கால் சரியாகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று குமாரே சொல்லிவிட்டான். பிடிக்கிற மீனில் மூன்று கிலோவைக் கழிக்க அவர் இல்லாவிட்டால், அவ்வளவு தூரம் போய் முழு எடையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?