வெண்டல் சொன்ன மூணாவது தரம்

ஏலம் விடும் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று தகவல் வந்தபோது, ஏலக்காரர் வெண்டல் ஊரில் பாதிப் பண்ணைகளுக்கு ஏலம் விட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் மாநில வரி பாக்கி வைத்தவன் முடி வெட்டும் தொழிலும் செய்யக் கூடாது, ஏலம் விடவும் கூடாது. வெண்டல் வரி அலுவலகத்துக்குப் படையெடுத்தார்.

"வரியக் கட்டுங்க சார், உரிமம் தானா வரும்," என்றாள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள்.

"உரிமத்தக் குடுங்க, ஏலம் விட்டு வரியக் கட்டுறேன்."

"முதல்ல வரி."

"எதுலேர்ந்து?"

"அது எங்க பிரிவு இல்ல சார்."

வெண்டல் அசரவில்லை. மனைவி மார்லிஸின் தம்பி கஸ்ஸை மேடையேற்றினார். கஸ்ஸிடம் உரிமம் இருந்தது, வேகம்தான் இல்லை. அவன் ஒரு விலையைச் சொல்லி அடுத்ததற்குப் போவதற்குள், கூட்டம் மாதாகோவில் பெண்களின் கடையில் ஆப்பிள் பை என்ற பலகாரத்தைத் தின்றுவிட்டு வந்தது. நல்ல டிராக்டர் ஒன்று பழைய இரும்பு விலைக்குப் போகவிருந்தது.

பொறுக்காமல் வெண்டல் கூட்டத்துக்குள் நின்றே ஏலம் கூவ ஆரம்பித்தார். விலை ஏறியது. பக்கத்தில் ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்த உரிமத் துறை ஆய்வாளரின் புருவமும் ஏறியது.

இப்போது வரியோடு அபராதமும் சேர்ந்துகொண்டது.

"இனிமே என்னதாம்மா செய்யட்டும்?" என்றார் வெண்டல், அதே ஜன்னலில்.

"சொந்தச் சாமான ஏலம் விட உரிமம் வேணாம் சார்."

விற்கும்படியாக அவரிடம் இருந்தது சிவப்பு பிக்கப் வண்டி ஒன்றுதான். அதைக் கழுவினார். துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"வேற வழியே இல்லையா?" என்றாள் மார்லிஸ்.

"இல்ல. வித்தே ஆகணும்."

"சரி."

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாளே என்று வெண்டலுக்கு வருத்தம்.

சனிக்கிழமை, தன் வண்டியின் மேலேயே ஏறி நின்று ஏலத்தைத் தொடங்கினார். பால்பண்ணை லைல் கையைத் தூக்கினார். வேலியோரம் நின்ற கஸ், அதற்கு மேல் கேட்பதாகத் தொப்பியைத் தொட்டான். லைல், கஸ், லைல், கஸ்.

"என்ன லைல், உன் மாடுங்கல்லாம் சிரிக்குது பாரு!" என்று சீண்டினார் வெண்டல்.

லைல் ரோஷத்தோடு ஒரு விலை சொன்னார். வரிக்கும் அபராதத்துக்கும் கச்சிதமாகப் போதும் விலை.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

கஸ்ஸின் தொப்பி அசைந்தது. அசைகிற தொப்பியைப் பார்க்காத மாதிரி இருக்க வெண்டலுக்கு வராது. குடும்பத்துக்குள்ளேயே வண்டி இருக்குமே என்ற சந்தோஷம் வேறு.

"நீயே வச்சுக்க!" என்று லைல் தன் காரில் ஏறிப் போய்விட்டார்.

"மூணு தரம்!"

வெண்டல் குதித்திறங்கி கஸ்ஸைக் கட்டிக்கொண்டார். "கஞ்சப்பயலே, இவ்ளோ பணம் எங்கடா வச்சிருந்த? எடு மச்சான், வரி ஆபீஸ் மூடறதுக்குள்ள போகணும்."

கஸ் நிதானமாகத் தலையைச் சொறிந்தான்.

"என்கிட்ட ஏது மாமா? 'அந்த வண்டி போனா மனுசன் தாங்க மாட்டாரு, எவ்வளவு ஏறினாலும் விட்டுடாத, பணத்த அவர்கிட்டயே வாங்கிக்க'ன்னு அக்காதான் சொல்லி அனுப்புச்சு."