சூட்டுக்குக் கவர் கிடையாது

எனக்கு ஒரு நோய் இருக்கிறது. பிறவியிலேயே வந்தது. குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு. உயிருக்கு ஆபத்தில்லை, தெர்மாமீட்டரில் தெரியாது, ரத்தப் பரிசோதனையிலும் அகப்படாது. இந்த நோயை ஆங்கிலத்தில் அறிவித்து, ஒரு ஜெர்மன் காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் ஏற்றிய பெருமை, எனக்குத் தெரிந்தவரை, என் ஒருத்தியையே சேரும். நோயின் பெயர் சூடு.

(சிரிக்காதீர்கள். உங்களுக்கும் இருக்கிறது.)

நான் சாந்தோம்காரி. பெயர் ஜெசிந்தா, வீட்டில் ஜெசி. டாடி தமிழாசிரியர், மம்மி கணக்கு டீச்சர், இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். கேள்வி என்று ஒன்று வந்தால் பதில் எழுதாமல் விடக் கூடாது, தெரியாவிட்டாலும் பக்கத்தை நிரப்பி வை என்ற கொள்கையோடு வளர்க்கப்பட்டவள் நான். இந்தக் கொள்கையால் பள்ளிக்கூடத்தில் நிறைய மார்க் வாங்கினேன். வெளியே வந்து வாங்கிக் கட்டிக்கொண்டதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

தரமணியில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர் ஸ்டெஃபான். வந்தார், பக்கத்து மேசையில் உட்கார்ந்தார், கல்யாணத்தில் முடிந்தது. எங்கள் கோயில் தமிழில் ஸ்டீபன் என்ற புனிதருக்கு முடியப்பர் என்று பெயர். 'ஸ்டெஃபான்' என்று கூப்பிட டாடியின் நாக்கு ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், "நம்ம மாப்பிள்ளை, முடியப்பன்" என்று பெருமையாக அறிமுகம் செய்துவைப்பார். அவர்களும் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, பார்வையை மெல்ல மேலே கொண்டுபோவார்கள். ஸ்டெஃபானின் தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கல்லூரிக் காலத்திலேயே போய்விட்டதாம்.

கல்யாணப் புடவை எடுக்கக் கத்திரி வெயிலில் தி.நகர் போனோம். ரங்கநாதன் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டெஃபான் வெளுத்துப்போய் ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "க்ரைஸ்லாஃப்... க்ரைஸ்லாஃப்..." என்று முனகினார். மம்மியின் காதில் அது 'கிளாஸ்' என்று விழுந்தது. மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி கூட்டத்தில் விழுந்துவிட்டதென்று முடிவுகட்டி, "கொஞ்சம் நகருங்கப்பா, கண்ணாடிய மிதிச்சிடாதீங்க!" என்று தெருவையே நிறுத்திவிட்டாள். கைக்குட்டை விற்பவர், சீப்பு விற்பவர், புடவை எடுக்க வந்த ஒரு பெரிய குடும்பம், எல்லோரும் குனிந்து தேடினார்கள். கண்ணாடி ஸ்டெஃபானின் மூக்கிலேயே இருந்தது.

ஒரு நன்னாரி சர்பத் உள்ளே போனதும் ஆள் தெளிந்துவிட்டார். க்ரைஸ்லாஃப் என்றால் ரத்த ஓட்டம் என்றார். நானும் சரி என்று கேட்டுக்கொண்டு புடவைக் கடைக்குள் போய்விட்டேன். அன்றைக்கே இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் பின்னால் வந்த வம்பெல்லாம் இல்லை.

கல்யாணமாகி சில மாதங்களில் ஜெர்மனிக்குக் குடிபோவதென்று முடிவாயிற்று. அங்கே மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஒருவர் குடியேற முடியாது. ஸ்டெஃபான் ஏற்கெனவே அங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் காப்பீடு வைத்திருந்தார். அதே நிறுவனம் மனைவியையும் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு கடிதம் தர வேண்டும். அது கைக்கு வந்தால்தான் என் விசா விண்ணப்பம் முழுமையாகும். விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டாக டிக்கெட் எடுத்தாயிற்று. அவருக்கு அங்கே வேலை தொடங்கும் நாளும் குறித்தாயிற்று. கடிதம் தாமதமானால் அவர் மட்டும் கிளம்ப வேண்டியதுதான். நான் எப்போது போய்ச் சேருவேன் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடிதம் தருவதற்கு முன்னால் நிறுவனத்தின் டாக்டரம்மா வீடியோவில் கூப்பிட்டு உடல்நலக் கேள்விகள் கேட்பார் என்றார்கள்.

"எதையும் மறைக்காத ஜெசி," என்று ஸ்டெஃபான் எச்சரித்தார். "சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லிடு. மறைச்சது பின்னாடி தெரிஞ்சா காப்பீடே செல்லாம போயிடும்." (அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். நான் பயந்தது தமிழில்.)

அந்த அழைப்பு வந்தபோது அங்கே காலை, இங்கே மத்தியானம். ஸ்டெஃபான் அலுவலகத்தில் இருந்தார். டாடி தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா வெள்ளை முடியும் சிரித்த முகமுமாக, நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார். இதய நோய் உண்டா? இல்லை. சர்க்கரை? இல்லை. ஆஸ்துமா? இல்லை. அறுவை சிகிச்சை? இல்லை. இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வெற்றுப் பேப்பரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவளைப் போல இருந்தது.

"சின்ன வயதிலிருந்தே அடிக்கடி வரும் தொந்தரவு ஏதாவது?" என்றார் கடைசியாக.

விட்டேனா?

"உடல் சூடு, டாக்டர்."

"காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லை. சூடு. உள்ளே இருக்கும்."

"எத்தனை டிகிரி?"

"தெர்மாமீட்டரில் வராது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். யோசித்துவிட்டு மறுபடியும் எடுத்தார். அறிகுறிகள் என்ன என்றார். கண் எரியும், முகத்தில் கட்டி வரும், அடிவயிறு பிடிக்கும் என்று அடுக்கினேன். நீர்க்கடுப்பை ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள் நிஜமாகவே சூடு ஏறிவிட்டது.

"எப்போது அதிகமாகும்?"

"மாம்பழம் சாப்பிட்டால். அப்புறம், பஸ்ஸில் யாராவது எழுந்துபோன சீட்டில் உடனே உட்கார்ந்தால்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அப்படியானால், இது இருக்கை வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுமா?"

பொய் சொல்லக் கூடாதே. நன்றாக யோசித்து, "சீட்டைத் தட்டிவிட்டு உட்கார்ந்தால் பரவாது" என்றேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அதற்குள் பேச்சு எதைப் பற்றி என்று சமையலறையில் மோப்பம் பிடித்துவிட்ட மம்மி, கையைத் துடைத்துக்கொண்டு கேமரா முன்னால் வந்து நின்றாள். "எங்க எல்லாருக்குமே உண்டு டாக்டர்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "இவ டாடிக்கு ரொம்ப ஜாஸ்தி." சிகிச்சை என்ன என்ற கேள்விக்கு நல்லெண்ணெய்க் குளியல், வெந்தயம் என்று சொல்லிவிட்டு, தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கும் முறையைப் புடவைமேல் விரல் வைத்து இடம்காட்டி விளக்கினாள். கணக்கு டீச்சர் அல்லவா, படிப்படியாகத்தான் சொல்வாள்.

இந்த நேரம் பார்த்து, எங்களுக்கு வழக்கமாக மீன் கொண்டுவரும் நொச்சிக்குப்பம் தேசம்மா, வாசலில் கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, டாக்டரா? பாப்பாக்கு சூட்டு ஒடம்புன்னு சொல்லு. கொயந்தைலேர்ந்து பாக்கறேன்ல? மூஞ்சியப் பாரு, கொதிச்சிக்கினு கீது." சொன்னதோடு நிற்காமல் உள்ளே வந்து, புறங்கையால் என் நெற்றியைத் தொட்டும் பார்த்தாள்.

"இவர் யார்?" என்றார் டாக்டரம்மா.

மீன் விற்பவர் என்று சொல்லியிருக்கலாம். நான் முழு மார்க்குக்கு ஆசைப்பட்டு, "என்னைச் சிறுவயதிலிருந்தே கவனித்து வருபவர்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் ஸ்டெஃபான் வந்ததும், ஒன்றையும் மறைக்கவில்லை என்று பெருமையடித்துக்கொண்டேன்.

"மறைக்க என்ன இருந்துச்சு?" என்றார் அவர்.

அடுத்த வாரம் தெரிந்தது. காரணம் அறியப்படாத, பரம்பரையாக வரும், இருக்கைகள் மூலம் பரவ வாய்ப்புள்ள வெப்பநோய், மாம்பழத்தால் தீவிரமடைகிறது, உள்ளூர் மருத்துவரின் விளக்கச் சான்று வரும்வரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று மின்னஞ்சல் வந்தது. ஸ்டெஃபான் அதை உரக்கப் படித்தார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. டிக்கெட்டில் இருந்த தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயை நானே ஊசிநூலால் தைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

ராயப்பேட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். மலேரியா, காசநோய், தைராய்டு என்று ஒன்று விடாமல் பரிசோதித்தார்கள். எல்லாம் சுத்தம். டாக்டர் மின்னஞ்சலைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

"அப்படி ஒரு நோயே கிடையாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்," என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "கிடையாதுன்னு எப்படிம்மா எழுதறது? எனக்கே இருக்கே."

"டாக்டர்!"

"நெஜமாத்தான். போன வாரம் பூரா கண்ணெரிச்சல். சூட்டப் பத்தி மட்டும் என்னை ஒண்ணும் எழுதச் சொல்லாதீங்க. இருக்குன்னு எழுதினா அவங்க நம்ப மாட்டாங்க, இல்லன்னு எழுதினா நானே நம்ப மாட்டேன்." பரிசோதனை முடிவுகள் இயல்பு என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது என்னை உற்றுப் பார்த்து, "வெயில்ல அலையாதீங்க. எளநீர் குடிங்க. முகத்தப் பாத்தாலே சூடு தெரியுது," என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் அழுதுவிட்டேன். நீங்கள் மட்டும் போகப்போகிறீர்கள், எல்லாம் என் அதிகப்பிரசங்கித்தனத்தால் வந்தது என்று மூக்கைச் சிந்தினேன். ஸ்டெஃபான் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கே உரிய பொறுமையோடு ஆரம்பித்தார்.

"சரி. இந்தச் சூடு என்னன்னு எனக்குச் சொல்லு. பரிசோதனைல தெரியாது?"

"தெரியாது."

"ஆனா எல்லாருக்கும் இருக்கு?"

"இருக்கு."

"அம்மாதான் கண்டுபிடிப்பாங்க. வெயில்ல வரும். குடிக்க ஏதாவது குடுத்தா போயிடும்."

"ஆமா."

ஸ்டெஃபான் சீட்டிலிருந்து எழும்பிவிட்டார். "க்ரைஸ்லாஃப்!" என்று கத்தினார்.

ஆட்டோக்காரர் சடாரென்று பிரேக் போட்டுத் திரும்பினார். "இன்னா சார், கிளாஸ் வுயுந்துட்சா?"

கண்ணாடி மூக்கிலேயே இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிட்டு, ஸ்டெஃபான் எனக்கு விளக்கினார். ஜெர்மனியில் தலை சுற்றினால் க்ரைஸ்லாஃப், சோர்வாக இருந்தால் க்ரைஸ்லாஃப், வெயில் ஏறினாலும் மழை மூட்டம் போட்டாலும் க்ரைஸ்லாஃப். எந்தக் கருவியிலும் தெரியாது. ஆனால் இல்லை என்று சொல்ல அந்த ஊர் டாக்டர்களுக்கே மனம் வராது. வீட்டுக்கு வந்த கையோடு டாக்டரம்மாவுக்கு எழுதினார்: என் மனைவிக்கு இருப்பது தமிழ்நாட்டு க்ரைஸ்லாஃப்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, என் அம்மாவுக்கும் உண்டு, உங்கள் மனைவிக்கு என் அன்பான விசாரிப்புகள். கூடவே ஏற்புக் கடிதம். அதில் எல்லா நோய்க்கும் காப்பீடு, அவர்கள் பாஷையில் 'கவர்', உண்டு, ஒன்றைத் தவிர: ஏற்கெனவே உள்ள உடல் சூடும் அதன் விளைவுகளும்.

இருவரும் ஒன்றாகத்தான் விமானம் ஏறினோம். பக்கத்துப் பக்கத்து சீட்டு. ஸ்டெஃபான் தன் சீட்டை நன்றாகத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

(புத்தி வந்ததா என்று கேட்காதீர்கள். அங்கே போன முதல் டிசம்பரில், புது கிளினிக்கில் பழைய நோய் என்ன என்று கேட்டார்கள். காப்பீட்டில் இருந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். வரவேற்பறைப் பெண்மணி படித்துப் பார்த்து, 'ஐயோ பாவம்' என்ற முகத்தோடு எழுந்துபோய், எனக்காக ஜன்னலைத் திறந்துவிட்டார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நன்றி சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.)

இந்த மே மாதம் சாந்தோமுக்கு வந்திருந்தோம். கரண்ட் போன ஒரு மத்தியானம், ஸ்டெஃபான் தலையெல்லாம் வேர்வை வழிய வாசலில் உட்கார்ந்திருந்தார். தேசம்மா கூடையோடு வந்தாள்.

"இன்னா முடியப்பா சார், சூடு புட்ச்சிக்கிச்சா?"

ஸ்டெஃபான் இப்போது தமிழ் பேசுவார். எழுத்து எழுத்தாக, ஆனால் தைரியமாகப் பேசுவார். "எனக்குப் பயம் இல்லை தேசம்மா. எனக்குக் கவர் இருக்கு. ஜெசிக்குத்தான் கவர் இல்ல."

தேசம்மா சங்கரா மீனை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னா சார் நீ? கவரெல்லாம் தட பண்ணி எவ்ளோ நாளாச்சு. யாராண்டயும் கெடயாது. போயி ஒரு பாத்தரம் எட்த்தா."

மம்மி சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த டாடி எழுந்து வந்துவிட்டார். இப்போதெல்லாம் காப்பீட்டுக்குப் பணம் கட்டும் நாள் வந்தால், ஸ்டெஃபான் ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு கேட்பது ஒரே கேள்விதான்: "ஜெசி, பாத்தரம் எட்த்தாச்சா?"