மாமி எடுகோள்

"சீனி, அந்த ஜம்பு மரத்த வெட்டினாலும் எனக்குப் பரவாயில்லகா."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சபூறா மாமியின் குரல் வந்தபோது, காலிதீன் அதே ஜம்பு மரத்தின் கீழே சாய்மனைக் கதிரையில் கிடந்தான். அப்போதுதான் விழிப்புத் தட்டியிருந்தது. நெஞ்சின் மேல் மாதிரி வினாத்தாள் கட்டு. கச்சான் காற்று சாய்ந்தமருது ஊர் முழுவதையும் தாலாட்டிக்கொண்டிருந்த மத்தியானம் அது. மரம் தன் ரோஸ் நிறப் பூந்தாதுகளை அவன் தலையிலும் தாள்களிலும் கொட்டி வைத்திருந்தது. கேட்டது கனவா நிஜமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான்.

சீனி என்பது பூனை. அது கதிரையின் காலடியில் படுத்திருந்தது. தன்னிடம் ஒரு விஷயம் சொல்லப்பட்டது என்ற எண்ணமே அதற்கு இல்லை.

சொல்லப்பட்டது பூனையிடம்தான், ஆனால் பூனைக்கு அல்ல. இந்தக் கரையோரத்தில் வீடு மகளுக்குத்தான். கலியாணம் முடித்து வந்து குடியேறுகிறவன் மருமகன். வந்தவனோடு மாமி நேருக்கு நேர் கதைப்பது பழைய ஆட்களிடம் வழக்கமில்லை. சபூறாவின் உம்மா தன் மருமகனோடு பதினெட்டு வருசம் ஒரு சொல் கதைக்காமலே மௌத்தானவள். அந்தக் கணக்கில் பார்த்தால் சபூறா பூனையிடம் சொல்வது பெரிய முன்னேற்றம்.

இடையில் நின்று இரண்டு பக்கமும் கதை காவ வேண்டிய மகள் றஸ்னா இப்போது வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரித் தாதி அவள். ஒரு மாதப் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போயிருந்தாள். புறப்படும்போது புருசனிடம் ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள்.

"நித்திரையிலயும் வகுப்பெடுக்கிற மனிசன் நீங்க. உங்கட உலகத்திலயே இரிக்காம உம்மாவக் கொஞ்சம் பாத்துக்கங்க. அவட மனசு நோகப்படாது."

பிறகு திரைக்குள் போய் உம்மாவிடமும் ஏதோ சொல்லிவிட்டுத்தான் போனாள்.

காலிதீன் உயர்தர வகுப்புக்கு அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பிக்கிறவன். பாடப்புத்தகத்து உதாரணங்களில் சோக்கிரட்டீஸ் செத்துச் செத்துச் சலித்துப்போனதால், கண்ணில் பட்ட காகம், கேற், கோழி எல்லாவற்றையும் வைத்து அவனே கேள்வி கட்டுவான். அப்படிப்பட்டவனுக்கு மாமியின் பேச்சை விளங்கிக்கொள்வது ஒரு ஆராய்ச்சியாகவே ஆகிவிட்டது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தான். மாமி "வேணும்" என்றால் கட்டாயம். "ஆகா" என்றால் தடை. "நல்லம்" என்றால் செய்தால் நன்மை, செய்யாவிட்டால் சோற்றில் உப்புக் குறையும். "பரவாயில்ல" என்றால் அனுமதி.

இந்தக் கடைசியில்தான் அவன் வழுக்கி விழுந்தான். கலியாணம் முடித்த முதல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சீனி, தண்ணி மோட்டரப் போட்டாலும் பரவாயில்ல" என்று குரல் வந்தது. கட்டாயமானதெல்லாம் அனுமதிக்கப்பட்டது; அனுமதிக்கப்பட்டதெல்லாம் கட்டாயமல்ல. இது அளவையியல். எனவே அவன் அசையாமல் கிடந்தான். மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழுச் செய்ய வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"உம்மா சொன்னாவாமே, கேக்கல்லயா?" என்று றஸ்னா பார்த்த பார்வையில் அவன் ஒரு புது விதி எழுதிக்கொண்டான். மாமி வீட்டில் அனுமதிக்கப்பட்டதெல்லாம் கட்டாயம். அதற்கு 'மாமி எடுகோள்' என்று பேரும் வைத்தான்.

அதன்பின் தவறு நடக்கவில்லை. இந்த ஓகஸ்ட் லீவு தொடங்கிய வாரம், மத்தியானத் தூக்கத்திலிருந்து கண் விழிக்கையில், "கேற்றுக்குப் பச்ச அடிச்சாலும் பரவாயில்ல" என்று கேட்டது. நல்ல நீலக் கேற். அன்று பின்னேரமே பச்சை அடித்தான். அடுத்த வாரம் அதே நேரம், "கோழியளக் குடுத்தாலும் பரவாயில்ல." ஆறு கோழிகளையும் பிடித்து அயலுக்குக் கொடுத்தான். காலைச் சாப்பாட்டில் முட்டை நின்றுபோனது அவனுக்குப் பெரிய துக்கம்; ஆனாலும் மாமியின் மனசு நோகக் கூடாதே.

இப்போது மரம்.

காலிதீனுக்கு உள்ளே எங்கேயோ விண்ணென்று வலித்தது. இந்த வீட்டின் அலுமாரி றஸ்னாவுடையது, கட்டில் றஸ்னாவுடையது, கதவின் திறப்புக்கூட மாமியின் முந்தானையில். தன்னுடையது என்று நிந்தவூரிலிருந்து வந்தவனுக்குத் தோன்றிய ஒரே இடம் இந்த நிழல்தான். கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கு எட்டு வயது றஸ்னா தொங்கித் தப்பியதும் இதே மரத்தின் கொப்பில்தான். அதை வெட்ட மாமிக்கு எப்படி மனம் வந்தது? போனில் றஸ்னாவிடம் கேட்கலாம். ஆனால் மாமியைப் பற்றி மகளிடம் முறையிடுவது, கொப்பியைப் பார்க்காமலே தெரியும், தடை.

சரி, மறுமொழி சொல்லிப் பார்ப்போம் என்று எழும்பி உட்கார்ந்தான்.

"சீனி," என்றான் தொண்டையைச் செருமி, "மரத்த வெட்டத்தான் வேணுமெண்டு ஒண்டும் இல்ல. வெட்டப்படாதெண்டும் இல்ல."

அளவையியலில் இதைவிட நடுநிலையான வாக்கியம் கிடையாது.  திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சரிகா சீனி. நற்பிட்டிமுனையில பூபாலசிங்கமெண்டு மரம் அரியிற ஒராள் இரிக்கான். அவனக் கூட்டிக்கி வந்தாலும் பரவாயில்ல."

சீனி எழும்பி, சோம்பல் முறித்து, இந்த வம்பே வேண்டாம் என்று மதில் ஏறிப் போனது.

ஆக, கட்டாயம் ஒன்று இரண்டாகிவிட்டது. கட்டளையை மீற முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய கட்டளை ஒன்று குறுக்கே வந்தால்? அரசாங்கமே தடுத்தால் மாமி என்ன செய்ய முடியும்? காலிதீன் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் ஓடினான். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவள் ஹிமாயா. அவனிடமே படித்துப் பாஸ் பண்ணியவள்.

"வாங்க சேர். என்ன விசயம்?"

"வளவில ஒரு மரம் வெட்டோணும். அதுக்குத் தடை இரிக்குத்தானே?"

"என்ன மரம் சேர்?"

"ஜம்பு."

ஹிமாயாவின் முகம் மலர்ந்தது. "பலா, ஈரப்பலா, பனை. இதுகளுக்குத்தான் சேர் பெமிட். ஜம்புக்கு ஒண்டும் தேவல்ல."

"நல்லாப் பாருங்க மகள். ஒரு சின்னத் தடையாவது?"

"இல்லாத தடைய நான் எங்க சேர் தேடுற? தடுக்கப்படாததெல்லாம் அனுமதிக்கப்பட்டதெண்டு நீங்கதானே சேர் சொல்லித் தந்த? கரும்பலகையில மூணு தரம் எழுதவும் வெச்சீங்க!"

தான் விதைத்த அளவையியல் தன் மேலேயே காய்த்து விழுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சேர் வந்து வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஹிமாயா ஒரு கடிதமும் அடித்து, முத்திரை குத்தி, இரண்டு கையாலும் நீட்டினாள். 'மேற்படி ஜம்பு மரத்தை வெட்டுவதற்கு எமக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை.'

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை ஒளிக்க இடம் தேடும்வரை மேசையில் வைத்தான். கச்சான் சும்மா இருக்குமா? கடிதத்தைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, திரைச்சீலைக்கு அடியால் நேரே உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

உள்ளே கண்ணாடிக் கூடு திறக்கும் சத்தம். எழுத்துக் கூட்டி வாசிக்கும் முணுமுணுப்பு. பிறகு கனத்த குரல்.

"சீனி, கடுதாசியும் எடுத்தாச்சாகா? அவ்வளவு அவசரமா? அப்ப வெள்ளிக்கிழம தவிர எண்டைக்கெண்டாலும் பரவாயில்ல."

சீனி அங்கே இல்லவேயில்லை. காலிதீன் கொப்பியைத் திறந்து பார்த்தான். எடுகோளின்படி, இனி கிழமைக்கு ஆறு நாள் அந்த மரத்தை வெட்டுவது அவனுக்குக் கட்டாயம்.

கடைசியாக ஒரு வழி இருந்தது. பூபாலசிங்கத்தைக் கூப்பிடவும் வேண்டும், அவன் வராமலும் இருக்க வேண்டும். நற்பிட்டிமுனை வயல் ஓரத்து வீட்டில் பூபாலசிங்கம் மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். காலிதீன் விஷயத்தை வெகு கவனமாகச் சொன்னான்.

"அண்ணன், நீங்க வரலாம். ஆனா வந்தே ஆகோணுமெண்டு இல்ல. வராம இரிக்க உங்களுக்கு முழு உரிமையும் இரிக்கு. வந்தாலும் வெட்டாமப் போக அனுமதி இரிக்கு."

பூபாலசிங்கம் எண்ணெய்க் கையை முழங்காலில் துடைத்தான். "சேர், எனக்குப் படிப்பு ஏறல்ல. ஒரு கத சொல்லுங்க. வெட்டவா, வேணாமா?"

வேண்டாம் என்றால் மாமியின் சொல்லை மீறியவன் ஆவான். வெட்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை. வாயில் வந்தது ஹிமாயாவின் கடிதம்தான்.

"எவ்வித... ஆட்சேபனையும் இல்ல."

"அப்ப நாளைக்குக் காலம வாறன்."

சொன்னபடி வந்தான். கயிறு, கத்தி, மெசின் எல்லாவற்றையும் மரத்தடியில் வைத்தான். திரைக்கு அடியால் ஒரு கை நீண்டு பிளேன்டீயும் சக்கரைத் துண்டும் வைத்துவிட்டு மறைந்தது. காலிதீன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன், ஒரு பத்து நிமிசம் தாங்க. கடைசியா ஒருக்கா இதுக்குக் கீழ இருந்திட்டு எழும்புறன்."

"ஓம் சேர், இருங்க. நான் தேத்தண்ணியக் குடிக்கிறன்."

சாய்மனைக் கதிரையில் சாய்ந்தான். கச்சான் வீசியது. பூந்தாதுகள் கண்ணிமையில் விழுந்தன. இரவெல்லாம் புரண்டவனுக்கு இமை தானாக மூடியது. மரம் வேரைப் பாவாடைபோல மெல்லத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தது. அதன் கொப்பில் எட்டு வயது றஸ்னா ஊஞ்சலாடினாள். ஆறு கோழிகளும் வரிசையாகப் பின்னால் போயின. அலைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. முன்வரிசை வாங்கில் சீனி கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தது. காலிதீன் சோக்கட்டியை எடுத்தான். மனம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மாமி வீட்டில் இருந்தால் மரம் வெட்டப்பட வேண்டும் என்று எழுதினான். மரம் வெட்டப்படக் கூடாது என்று எழுதினான். ஆகவே என்று எழுதிவிட்டுச் சிரித்தான். மரத்தைக் காப்பாற்றும் முடிவு இத்தனை நாளும் எவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது! அதையும் பெரிய எழுத்தில் எழுதி, கடலுக்கே கேட்கும்படி வாசித்தான்.

கண் விழித்தபோது மெசின் சத்தமில்லை. மரம் நின்ற இடத்திலேயே நின்றது.

திரைச்சீலை விலகியிருந்தது. வாசலில், கறுப்பு அபாயா போட்டு, கையில் ஒரு பயணப் பையோடு, சபூறா மாமி நின்றாள். அவளை முழுதாக, இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கண்கள் சிவந்திருந்தன. அவள் அவனைப் பார்க்கவில்லை. படியில் கிடந்த பூனையைப் பார்த்தாள்.

"சீனி, கேற்றுக்குப் பச்ச கேட்டாரு, அடிச்சா அடிக்கட்டுமெண்ட. கோழியக் குடுக்கச் சொன்னாரு, ஓமெண்ட. மருமகன்ட மனசு நோகப்படாதெண்டு என்ர புள்ள சொல்லிட்டுப் போனதுக்காக, அவள் தொங்கித் தப்பின மரத்தையும் ஓமெண்ட. இப்ப என்னையே போகச் சொல்றாரு. நான் தம்பிர வீட்ட போய்க் கிடந்தாலும் பரவாயில்லகா."

காலிதீன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். வழக்கம், திரை, பூனை எல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோயின.

"மாமி! நான் எப்ப மாமி கேட்ட? அல்லாஹ்மேல ஆணையா ஒண்டுமே கேக்கல்ல! நீங்க சொன்னதையெல்லாம்தானே நான் செஞ்ச!"

மாமி திடுக்கிட்டு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.  மரத்தடியில் பூபாலசிங்கம் வெறுங்கோப்பையை மெல்லக் கீழே வைத்தான்.

"இப்பவும் கேட்டீங்க சேர்," என்றான் அவன், "ஆகவே மாமி வீட்டில இருக்கப்படாதெண்டு. நல்லாக் குறட்டை விட்டுக்கிட்டே!"