ஆளில்லாத துண்டு

கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே நான் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். எங்கள் குடும்பத்தில் யாரும், எந்த நாற்காலியிலும், எந்த நிலைமையிலும், துண்டு போட்டு இடம் பிடிக்கக் கூடாது.

இதற்கெல்லாம் ஒரு சட்டமா என்று கேட்பீர்கள். நீங்கள் ஆனந்தமேரியோடு பஸ் ஏறியதில்லை, அதனால் கேட்கிறீர்கள்.

ஆனந்தமேரி என் மனைவி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சிறுமலை பஸ் வந்து நிற்பதற்குள் அவளுடைய துண்டு ஜன்னல் வழியாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். துண்டு இல்லாவிட்டால் கைக்குட்டை. கைக்குட்டை இல்லாவிட்டால் கைப்பை. ஒரு தடவை கையில் ஒன்றுமே இல்லை. மூன்று வயது ஷைனியை ஜன்னல் வழியாக உள்ளே இறக்கிவிட்டு, "பாப்பா, சீட்டு முழுக்கப் படுத்துக்க" என்றாள். நாங்கள் முட்டி மோதி ஏறுவதற்குள், என் ஒரே மகள்மேல் ஒரு பலாப்பழ மூட்டையை இறக்கப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட பெண்மணியைக் கப்பலில் ஏற்றுவது என்றால் சும்மாவா?

நான் திண்டுக்கல்லில் பம்ப்செட் மோட்டார் விற்பவன். பெயர் இருதயநாதன். இரண்டாயிரத்து ஆறில், நன்றாக விற்ற டீலர்களைக் குடும்பத்தோடு கப்பல் சுற்றுலா அழைத்துப்போவதாகக் கம்பெனி சொன்னது. கூட்டம் போட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து மேனேஜர் வந்து பேசினார்.

"கப்பல்ல நாகரிகம் முக்கியமுங்க. சத்தமாப் பேசக் கூடாதுங்க. சாப்பாட்டுக் கூடத்துல இருந்து இட்லியப் பையில கட்டிக்கக் கூடாதுங்க. மேல்தளத்துல சாய்வு நாற்காலி கெடக்குமுங்க. அதுக்குத் துண்டு போட்டு எடம் புடிக்கக் கூடாதுங்க. ஆளில்லாத துண்டு கெடந்தா, யாரு வேணும்னாலும் எடுத்துட்டு உக்காந்துக்கலாமுங்க. அதுதான் கப்பல் சட்டமுங்க."

சாய்வு நாற்காலி என்றதுமே என் மனசு அதில் போய்ச் சாய்ந்துவிட்டது. காரணம், காலண்டர். வருஷா வருஷம் கடை பெயரில் காலண்டர் அடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறேன். வருஷா வருஷம் அதில் யார் பெற்ற பிள்ளையோ ஒரு பூனைக்குட்டியைக் கட்டிக்கொண்டு சிரிக்கும். பணம் என்னுடையது, சிரிப்பு யாருடையதோ. இந்தத் தடவை நான்தான் என்று முடிவு செய்தேன். கப்பலின் மேல்தளம், பின்னால் கடல், சாய்வு நாற்காலியில் கூலிங் கிளாசோடு இருதயநாதன். நிலக்கோட்டைப் பூக்கடை முதல் சேவுகம்பட்டித் தோட்டத்து மோட்டார் ரூம் வரை எல்லாச் சுவரிலும் நான். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னேன். சிவகாசி அச்சகத்திலும் சொல்லிவைத்தேன்.

வீட்டில் சொன்னதுதான் தப்பு.

"ஏங்க, வருசம் முழுக்க உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டா தேதி கிழிக்கணும்? பாவம்ங்க விவசாயிக. ஏற்கனவே மழ இல்ல."

"பின்ன யாரு மூஞ்சியப் போடுறது?"

"ஏன், எனக்கு மூஞ்சி இல்லையா?"

"உனக்கு மூஞ்சி இருக்கு. பொறுமை இருக்கா? நீ கப்பல்ல ஏறுன உடனே துண்டு போடுவ. காவக்காரன் எடுத்துக் கடல்ல வீசுவான். நம்ம மானம் மிதக்கும்."

"போட மாட்டேன்."

"நீ?"

"துண்டே எடுத்துட்டு வரல, போதுமா? ஆனா நீங்களும் போடக் கூடாது. துண்டு போடாம, கப்பல் சட்டப்படி, யாரு அந்த நாக்காலில உக்கார்றாகளோ அவுக படந்தான் காலண்டர்ல. சம்மதமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. துண்டு போடாத ஆனந்தமேரி, தண்ணீர் இல்லாத பம்ப்செட். ஓடவே ஓடாது. "சம்மதம்" என்றேன்.

"ஷைனி, நீ சாட்சி" என்றாள்.

ஷைனி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். "எதுக்கும் எழுதி வாங்கிக்கங்கம்மா" என்றாள். நான் பெற்ற பிள்ளைதான்.

பக்கத்து வீட்டு சாகுல் ஹமீது பாய் துபாயிலிருந்து தம்பி அனுப்பிய கேமராவை இரவல் கொடுத்தார். கடல் நீலத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று நான் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட் தைத்துக்கொண்டேன். சிங்கப்பூரில் கப்பல் ஏறினோம். அது மலேசியாப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும்.

"ஏறுன எடத்துலயே எறக்கிவிடுறதுக்கு எதுக்குங்க இம்புட்டுப் பெரிய கப்பல்?" என்று ஆனந்தமேரி கேட்டாள். கப்பலில் சத்தமாகப் பேசக் கூடாது என்று மேனேஜர் சொன்னதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.

மறுநாள் காலையில் மேல்தளத்துக்குப் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

துண்டு. எங்கே பார்த்தாலும் துண்டு. கடலைப் பார்த்த ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு துண்டு, துண்டின்மேல் ஒரு தடிப் புத்தகம், கீழே ஒற்றைச் செருப்பு. ஆள் மட்டும் இல்லை. துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினவனைப் பார்த்திருக்கிறேன். துண்டைக் காட்டிவிட்டு ஓடினவனை இங்கேதான் பார்க்கிறேன். அத்தனையும் வெள்ளைக்காரத் துண்டு. இவர்களா நமக்கு நாகரிகம் சொல்லித் தருகிறவர்கள்? இருநூறு வருஷம் நம்மை ஆண்டதும் இப்படித்தானே. வந்தான், துண்டைப் போட்டான், இது என் இடம் என்றான். நாமும் சரி யாரோ வருவார்கள் போல என்று ஓரமாக நின்றோம்.

"ஏங்க, இவுகளும் சிறுமலை பஸ்ல போயிருப்பாகளோ?" என்றாள் ஆனந்தமேரி.

எனக்கு ரத்தம் கொதித்தது. கப்பல் பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டு நியாயம் கேட்டேன். "சார், மேன் நோ. டவல் எஸ். வாட் இஸ் திஸ்?" அவர் சிரித்த முகமாக உள்ளே போய் எனக்கு ஒரு புதுத் துண்டு கொண்டுவந்தார். "நோ டவல், நோ டவல்" என்றேன். போய் இதைவிடப் பெரிய துண்டாக ஒன்று கொண்டுவந்தார். இரண்டையும் கொள்கைக்காகத் திருப்பிக் கொடுத்தேன்.

"எதுக்குங்க சண்ட? ஆளில்லாத துண்டு. எடுத்துட்டு உக்காருங்க. அதான் சட்டம் இருக்குல்ல."

"சட்டம் இருக்கு. துண்டுக்காரனும் இருக்கான்ல."

துண்டுக்காரனை நான் சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்திருந்தேன். ஏழரை குதிரைசக்தி மோட்டாரைத் தோளில் வைத்து மாடி ஏறுவான். அவனிடம் போய்ச் சட்டம் பேசுவது நாகரிகமாக இருக்காது என்று எனக்குப் பட்டது.

அம்மாவும் மகளும் படிக்கட்டில் உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள். நான் அவன் பிடித்திருந்த முன்வரிசை நடு நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவன் எழுந்து போனால் துண்டு இருந்தது. துண்டு போனால் அவன் இருந்தான். அன்று முழுக்க நின்றேன். அடுத்த நாளும் நின்றேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட்டோடு விறைப்பாக நின்றேனா, ஒரு வெள்ளைக்கார அம்மாள் என் கையில் காலித் தம்ளரைக் கொடுத்து, "ஒன் மோர், ஆரஞ்ச்" என்றாள். திண்டுக்கல் வட்டாரத்தில் முதல் இடம் வாங்கிய டீலர் நான். போய் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"டிப்ஸ் குடுத்தாங்களாப்பா?" என்றாள் ஷைனி.

கடைசி நாள் காலை. பத்து மணிக்கெல்லாம் சிங்கப்பூர் வந்துவிடும் என்றார்கள். காலண்டருக்குப் படம் இல்லை. ஊரெல்லாம் சொன்னது என்ன ஆவது? மானம் என்று ஒன்று இருக்கிறது. விடிந்ததும் எழுந்தேன். அம்மாவும் மகளும் தலையோடு கால் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். பெட்டியின் அடியில், எதற்கும் இருக்கட்டும் என்று நான் வைத்திருந்த பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு கிடந்தது. அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மேலே போனேன்.

தளத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாத் துண்டுகளும் தூங்கப் போயிருந்தன. முன்வரிசை நடு நாற்காலி, நேர் எதிரே கடல், கடல்மேல் செக்கச் சிவந்த சூரியன். சுற்றிலும் பார்த்துவிட்டுத் துண்டை விரித்தேன். இது துண்டு போடுவது அல்ல. உப்புக் காற்றில் காயப் போடுவது. போட்டு இடம் பிடிப்பது வேறு, காயப் போடுவது வேறு. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

படம் எடுக்க ஷைனியைக் கூப்பிடக் கீழே ஓடினேன். அறையில் ஷைனி இல்லை. அவள் அம்மாவும் இல்லை. கேமராவும் இல்லை. மறுபடி மேலே ஓடினேன்.

முன்வரிசை நடு நாற்காலியில் ஆனந்தமேரி சாய்ந்திருந்தாள். விடியற்காலையில் அரக்குப் பட்டுச் சேலை; போர்வைக்குள் இதோடுதான் படுத்திருந்திருக்கிறாள். தலை வாரி, பவுடர் பூசி, என் கூலிங் கிளாசைப் போட்டு, கால்மேல் கால். கடல் தெரியும்படி ஒரு பக்கமாக ஷைனி கேமராவோடு நின்றாள். நாற்காலியின் கைப்பிடியில் என் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"வாங்க. உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். "யாரோ கிறுக்கன் துண்டு போட்டுட்டுப் போயிருந்தான்ங்க. சுத்தும் முத்தும் பாத்தேன், ஆளில்ல. எடுத்து வச்சுட்டு உக்காந்துட்டேன். கப்பல் சட்டப்படி."

நான் வாயைத் திறந்தேன். என் துண்டு என்றால் பந்தயம் போயிற்று. என் துண்டு இல்லை என்றால் நாற்காலி போயிற்று. வாயை மூடினேன்.

"உங்க துண்டா?"

"சேச்சே."

"நானும் அதான் சொன்னேன். உசுரே போனாலும் உங்கப்பா துண்டு போட மாட்டாருன்னு. சொன்னேன்ல ஷைனி?"

"சொன்னீங்கம்மா."

"இந்தாங்க, செத்த நேரம் புடிங்க. அடுத்தவுக பொருளக் கைப்புடில தொங்கவிட்டா படத்துக்கு நல்லா இருக்காது. தரையில போடுறதும் நாகரிகம் இல்ல. சொந்தக்காரன் வந்தான்னா குடுத்துருவோம்."

துண்டை வாங்கி முழங்கையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்வது? என் துண்டு, என் கூலிங் கிளாஸ், என் நாற்காலி, என் கடல், எல்லாம் என் கண்ணெதிரே இன்னொருத்தர் பேருக்கு மாறிவிட்டது.

"அப்பா, கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க. தல வெட்டுது."

குனிந்தேன். கேமரா மின்னியது. மின்னிய கையோடு பேட்டரி உயிரை விட்டது.

அப்போதுதான் ஆனந்தமேரி உதடு அசையாமல் சொன்னாள். "துண்டக் கசக்காமப் புடிங்க. நம்ம கல்யாண நாளுக்கு எங்க அண்ணன் பிராங்கிளின் எடுத்துக் குடுத்தது."

ஊருக்கு வந்ததும் சிவகாசி அச்சகத்துக்குப் போன் போட்டு, ஓரத்தில் நிற்கும் ஆளை வெட்டிவிடச் சொன்னேன். "வெட்டுனா கடலும் சேந்து போயிரும் சார். கடல் பூரா அவர் பக்கத்துலதான் இருக்கு" என்றார்கள். ஆனந்தமேரியிடம் கேட்டேன். அவளுக்குப் பெரிய மனசு. "நிக்கட்டும்ங்க, ஓரமாத்தான நிக்கிறாரு" என்றாள். அப்படியே அச்சடித்தாயிற்று. ஊரெல்லாம் கொடுத்தும் ஆயிற்று.

பொங்கல் கழித்து, சேவுகம்பட்டி சோலைமுத்து காயில் கம்பி எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பழைய வாடிக்கையாளர். சுவரில் தொங்கிய காலண்டரைக் கிட்டப் போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"மொதலாளி, அக்கா ராணி கணக்கா உக்காந்திருக்காக. ஆனா அம்புட்டுத் தூரம் கூட்டிட்டுப் போயிட்டு, நீங்க ஒரு படத்துல கூட இல்லாமப் போயிட்டீகளே."

அவரே ஆறுதலாகச் சொன்னார்.

"விடுங்க. பக்கத்துல துண்டோட நிக்கிற சர்வர் பய அசப்புல உங்க சாடைதான்."