ஓட்டைச் சுவரைப் பார்க்க வந்த நடுவர்

போன ஆடி மாதம் எனக்குக் கிடைத்த வேலை இதுதான். காலை பத்து மணிக்கு எங்கள் ஊர் மாதர் சங்க மண்டபத்தைத் திறந்து வைக்க வேண்டும். பிறகு ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த விதத்தில் பல்கலைக்கழகம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் நின்றுபோய்விட்டது. அன்றிலிருந்து அந்த வேலையை முழுநேரமாகத்தான் பார்த்து வந்தேன்.

வேலையைத் தந்தது ஆதிரை அக்கா. மண்டபத்தை வரைந்த கட்டடக் கலைஞர், அவருடைய அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், கொழும்பில். மண்டபம் கட்டும்போது நான் பின்னேரங்களில் போய் நின்று, அது ஏன், இது ஏன் என்று கேட்டு அவருடைய உயிரை வாங்கியிருந்தேன். அப்படித்தான் என் நம்பர் அவரிடம் போனது.

போனில் அக்கா விளக்கினார். உலகம் முழுக்க இந்தக் காலத்தில் கட்டப்படுகிற சிறந்த கட்டடங்களுக்கு ஒரு பரிசு கொடுக்கிறார்களாம். எங்கள் மண்டபம் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டதாம். படத்தைப் பார்த்து முடிவெடுக்க மாட்டார்களாம், நடுவர் ஒருவர் நேரே வந்து, சாதாரண நாளில் சனம் கட்டடத்தை எப்படிப் பாவிக்கிறது என்று பார்ப்பாராம்.

"ஒரு கதிரையைக் கூட இடம் மாத்தாத. இது நல்லபடி முடிஞ்சா உன்னை என்ர கந்தோரில பயிற்சிக்கு எடுக்கிறதைப் பற்றி யோசிக்கிறன்."

இது முடியாவிட்டால் என்ன என்பதும் எனக்குத் தெரியும். மன்னார் டவுனில் சித்தப்பாவின் போட்டோ கொப்பிக் கடை. அவர் எனக்கென்று ஸ்டூல் கூட வாங்கிப் போட்டுவிட்டார்.

மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டவெளிக்கு அங்கால், கடற்கரைப் பக்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் நீளச் சுவர். சீமெந்துக் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு, காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகிற மாதிரி வைத்திருக்கிறது. பூச்சு இல்லை. சீலிங் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் ஓடும் மரமும் அப்படியே தெரியும்.

ஆதிரை அக்கா அதை மூச்சு விடுகிற சுவர் என்பார். எங்கள் ஊரில் அதற்கு ஓட்டைச் சுவர் என்று பெயர். திட்டத்துக்கு வந்த காசு முடிந்து, மேசன்மார் அரைவாசியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பதுதான் ஊரின் முடிவு. சங்கத் தலைவி திரேசம்மா அன்ரி, வருகிற ஆட்கள் எல்லோருக்கும் மிச்ச வேலையும் கெதியில் நடக்கும் என்று வெட்கத்தோடு சொல்லுவார்.

முதல் பிழை என்னுடையது. நடுவர் வருவதற்கு முதல் நாள் அன்ரியிடம் மண்டபப் பூட்டின் திறப்பு வாங்கப் போனேன். திறப்பைத் தாங்கோ என்று கேட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் பெரிய ஆள் மாதிரி, உலகத்திலேயே நல்ல கட்டடங்களில் ஒன்றா என்று பார்க்க வெளிநாட்டில் இருந்து ஒரு அம்மா வருகிறார் என்றேன்.

அன்ரி என்னை வடிவாகப் பார்த்தார்.

"எதை?"

"எங்கட மண்டபத்தை."

"இதையோ?"

ஓம் என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. திறப்பைத் தந்தார். விஷயம் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

அன்ரியிடம் இன்னொரு திறப்பு இருந்தது.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குப் போனேன். மண்டபம் திறந்து கிடந்தது. சுவரைக் காணவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றாலும் செத்தவீடு என்றாலும் வெள்ளை கட்டுவார்கள். கூரையின் உட்பக்கம் தெரியாமல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி மறைப்பார்கள். வெளிநாட்டு ஆள் வந்தால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. சண்டை முடிந்த காலத்தில் இருந்து எத்தனையோ உதவி நிறுவனங்கள் வந்து போனதில் சங்கத்துக்கு அது மனப்பாடம். மாலை, குத்துவிளக்கு, வரவேற்புரை, ஸ்ட்ரோ போட்ட சோடா, நன்றியுரை, குறூப் போட்டோ.

அன்று இரண்டு முறைக்கும் ஒன்றாக ஏற்பாடு நடந்திருந்தது. கூரை மரம் ஒன்றும் தெரியாமல் வெள்ளை. சுவரின் ஓட்டைகள் ஒன்றும் தெரியாமல் வெளிப்பக்கம் நீலத் தறப்பாள். நிலத்தில் வாடகைக் கம்பளம். கதிரைகளுக்குச் சட்டை போட்டு, முதுகில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. வாசலில் 'வருக வருக' என்று ஒரு பனர், அதில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் முகம். நடுவரின் படம் பனர் அடித்த கடைக்காரரிடம் இருக்கவில்லையாம். அவரிடம் இருந்த படத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். சங்கத்துப் பெண்கள், இந்தப் பிள்ளைக்கு என்ன பிடித்தது என்கிற மாதிரிப் பார்த்தார்கள். விடியக் காலமை தொடங்கிய வேலையாம். நான் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்ச வராது, அது ஏசுகிற மாதிரித்தான் கேட்கும்.

"அன்ரி, அவ பாக்க வாறதே அந்த ஓட்டையளைத்தான்."

"ஒரு மனிசி பிளேன் ஏறி வந்து ஓட்டை பாக்குமோ? படிச்ச பிள்ளை கதைக்கிற கதையே இது?"

நான் படித்த இலட்சணம் அன்ரிக்குத் தெரியும். அதனால் அந்த இடத்தில் வாதத்தை நிறுத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஆதிரை அக்கா போன் எடுத்தார். எல்லாம் வழமை போலத்தானே என்று கேட்டார். நான் சுற்றிப் பார்த்தேன். வழமை போல ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். சுவர் நிழலில் கழுதைகள் நின்றன.

"கழுதையள் வழமை போல நிக்குதுகள் அக்கா."

அக்காவுக்குச் சந்தோஷம். அதுதான் தனக்கு வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தார்.

நடுவர் சரியாகப் பத்துக்கு வந்தார். கென்யாவில் இருந்து வந்தவர், உயரம், நல்ல கறுப்பு. வாசலில் நின்று பனரைப் பார்த்து இவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாது என்றேன். அதுதானே உண்மை.

மாலை விழுந்தது. விளக்குக் கொளுத்தினார்கள். வரவேற்புரை தொடங்கி இரண்டாவது பந்தியில் கரண்ட் போனது. வாடகைக்கு எடுத்த இரண்டு ஃபேனும் மெதுவாகச் சுற்றி நின்றன.

அந்த மண்டபத்துக்குள் எனக்கு ஒரு நாளும் வேர்த்ததில்லை. அன்று, மூடிய பெட்டிக்குள் இறாலை வைத்து அவிக்கிற மாதிரி எங்களை அவித்தது. நடுவரின் நாடியால் வேர்வை சொட்டிச் சோடாவுக்குள் விழுந்தது. அவர் சிரித்தபடியே என் பக்கம் குனிந்து, சுவர் எங்கே என்று கேட்டார்.

தறப்பாளுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது என்றேன்.

அன்ரி விடவில்லை. மைக் செத்த பிறகும் அதைப் பிடித்தபடியே மண்டபத்தின் வரலாற்றைச் சொன்னார். காசு முடிந்த கதைக்கு வந்தபோது அவருக்கே மூச்சு வாங்கியது. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு அதே மேடைக் குரலில் சொன்னார்:

"ஆராவது அந்தத் தறப்பாளை அவிட்டு விடுங்கோ. சனம் சாகப் போகுது."

இரண்டு பேர் வெளியே ஓடிப் போய்க் கயிற்றை அறுத்தார்கள்.

ஆடி மாதச் சோளகக் காற்று எப்படி என்று மன்னார்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அது காலையில் இருந்து வெளியே நின்று தள்ளிக்கொண்டிருந்தது. அத்தனை ஓட்டையாலும் ஒன்றாக உள்ளே வந்தது. மேலே கட்டிய வெள்ளை, வள்ளத்துப் பாய் மாதிரி ஊதியது. பிறகு ஒரு பக்கத்தில் இருந்து ஆணி கழன்று கழன்று வந்து, முழுதாக எங்கள் தலையில் விழுந்தது.

உள்ளே எல்லாம் வெள்ளை. நான் நடுவரைத் தேடித் தவழ்ந்தேன். ஒரு கால் அகப்பட்டது. பிடித்து இழுத்தேன். அன்ரி ஏசினார். வேறு பக்கம் தவழ்ந்தேன்.

துணியைச் சுருட்டி முடிக்கும்போது நடுவர் மாலையோடு நிலத்தில் இருந்தார். தலைமயிர் எல்லாம் காற்றில் எழும்பி நின்றது. திரும்பக் கட்ட ஒருவருக்கும் தெம்பு இல்லை. சங்கத்துப் பெண்கள் சட்டை போட்ட கதிரைகளைத் தள்ளிவிட்டு, தினமும் இருக்கிற மாதிரிச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி இருந்தார்கள். ஒருவர் நெத்தலிக் கருவாட்டுச் சுளகை எடுத்து வந்து தலை கிள்ளத் தொடங்கினார். மற்றவர்கள் கை வைத்தார்கள். கதை தொடங்கியது.

நடுவரும் போய் அவர்களுக்குப் பக்கத்தில் சாய்ந்தார். கண்ணை மூடினார். பிறகு ஒரு ஓட்டைக்குள் கையை விட்டுக் காற்றைப் பிடித்துப் பார்த்தார். நிறைய எழுதினார். எழுதும்போது முகத்தில் ஒரு சிரிப்பு.

நான் மனதுக்குள் கொழும்பு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த இடத்தில் அவர் தான் வந்த வான் வண்டியில் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, இந்தக் கட்டடத்தில் குறை ஏதும் உண்டா என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு ஆங்கிலத்திலும் அது தெரியும்.

ஓம், இருக்கிறது என்றேன். இப்போது நல்லாத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று மழையையும் கூட்டிக்கொண்டு மற்றப் பக்கச் சுவரால் உள்ளே வரும். அப்போது நாங்கள் எல்லோரும் இந்த மூலையில் கோழிக் குஞ்சுகள் மாதிரி ஒதுங்கி நிற்போம். கருவாடு நனைந்து நாறும்.

எவ்வளவு தூரத்துக்கு மழை வரும் என்று கேட்டார். கம்பளத்தைச் சுருட்டி, நடந்துபோய் நின்று காட்டினேன். அவர் பையில் இருந்து அளவு நாடாவை எடுத்தார். சுவரில் இருந்து என் பெருவிரல் வரைக்கும் அளந்தார். நாடாவின் மற்ற முனையைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். பிறகு என் காலைப் படம் எடுத்தார். கால் கழுவியிருக்கவில்லை.

வான் போன பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு விளங்கியது. ஊர்ச் சனம் முழுக்கச் சேர்ந்து மறைத்தும் கெடாத காரியத்தை, நான் தனியே நின்று உண்மை சொல்லிக் கெடுத்திருந்தேன்.

முடிவு வர ஐப்பசி ஆனது. பரிசு வேறு நாட்டில் இருக்கிற ஒரு கட்டடத்துக்குப் போய்விட்டது. படத்தை அன்ரிக்குப் போனில் காட்டினேன். அதற்கும் பூச்சு இல்லை, சீலிங் இல்லை. அன்ரி விரலால் பெருப்பித்து வடிவாகப் பார்த்தார்.

"இதுவும் அரைவாசியிலதான் நிக்குது. பாவங்கள், அவைக்கும் காசு முடிஞ்சுபோச்சுது போல."

நான் போட்டோ கொப்பிக் கடைக்குப் போகத் தொடங்கினேன். ஸ்டூல் ஆடியது. சித்தப்பாவிடம் சொன்னேன். வந்த முதல் நாளே குறை சொல்லுறாய் என்றார்.

அந்தக் கிழமை ஆதிரை அக்கா போன் எடுத்தார். நடுவரின் அறிக்கை அவருக்கு வந்திருந்தது. காற்றுக்கு நல்ல புகழ்ச்சியாம். மழைக்கு ஒரு பக்கமும், ஒரு காலின் படமும் இருந்ததாம்.

"மழை உள்ளுக்க வாறது உனக்கு எப்பவில இருந்து தெரியும்?"

"கட்டேக்கயே தெரியும் அக்கா. வாடை அந்தப் பக்கத்தாலதானே வரும்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்லையே. அவ கேட்டவ."

 அக்காவின் போனில் காசு முடிந்துவிட்டதோ என்று என் போனைப் பார்த்தேன்.

"திங்கக்கிழமை வெளிக்கிட்டு வா," என்றார் அக்கா. "இனி முதல் எனக்குச் சொல்லு. நடுவருக்குச் சொல்லாத."

இப்போது கொழும்பில் இருக்கிறேன். வரைபடம் முடிந்ததும் என் மேசைக்கு வரும், நான் அதில் குறை சொல்ல வேண்டும், அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

வீட்டில் இதே வேலையை இவ்வளவு காலமும் ஏச்சு வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன்.